வட்டுக்கோட்டை முதல் பொரளை வரை: கிறிஸ்தவக் கல்லூரியில் சேரத் தகுதி
(ஈழத்து உயர்கல்வி வரலாறு – தொடர்)

இலங்கையில் கல்லூரிக் கல்விக்கெனத் தகுதி பார்த்துத் தமிழ் மாணவரைச் சேர்த்த வரலாறு கொழும்பில் அல்ல, வட்டுக்கோட்டையில் தொடங்குகிறது. 1816 மார்ச்சில் கொழும்புத் துறையில் இறங்கிய அமெரிக்க மிஷனரிமாருக்கு யாழ்ப்பாணமே பணிக்களமாக வாய்த்தது. தானியேல் பூவரும் எட்வர்ட் வாரனும் தெல்லிப்பழையிலும், பெஞ்சமின் மெய்க்ஸும் ஜேம்ஸ் றிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். போர்த்துக்கேயர் காலத்து இடிந்த கோவில்களையும் குருமனைகளையும் செப்பனிட்டு அங்கேயே குடியிருந்து, ஊர் ஊராகத் தமிழ்ப் பள்ளிகளைத் திறந்தார்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய ஐந்து நிலையங்களிலும் உணவும் இருப்பிடமும் கொடுத்துப் படிப்பிக்கும் விடுதிப் பள்ளிகள் எழுந்தன. ஏழே ஆண்டுகளில் அப்பள்ளிகளில் வளர்ந்த சிறுவர் மேற்படிப்புக்கு ஆயத்தமாக நின்றார்கள்.

1823இல் மிஷன் ஒரு கல்லூரித் திட்டத்தை வெளியிட்டது. தமிழ் இளைஞருக்கும் ஏனைய இளைஞருக்கும் இலக்கியக் கல்வியும் சமயக் கல்வியும் அளிப்பது அதன் நோக்கம். நல்ல ஆற்றல் தெரிந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைத் திறம்படக் கற்பித்தல், தமிழ் இலக்கியத்தை வளர்த்தல், தெரிந்தெடுத்த சிலருக்குச் சமஸ்கிருதமும், இறைபணிக்குச் செல்வோருக்கு எபிரேயம், கிரேக்கம், லத்தீன் ஆகியவையும் சொல்லிக்கொடுத்தல், மேல்நாட்டு விஞ்ஞானங்களைப் பயிற்றுதல் என்று அது விரிந்தது. அந்நாளில் பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்ட ஆசிய நாடுகளில் இத்தனை அகலமான பாடத்திட்டம் மிக அரிது.

கல்லூரிக்குரிய அங்கீகாரம் மட்டும் கிடைக்கவில்லை. ஆள்பதி எட்வர்ட் பான்ஸ் அமெரிக்கரின் எண்ணிக்கை கூடுவதையே விரும்பாதவர். அச்சுப்பணிக்கென வந்த ஜேம்ஸ் கரெட்டை 1820இல் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னவரும் அவரே. பிரித்தானியக் குடிகளுக்குக் கல்வி புகட்டுவது பிரித்தானியரின் கடமை, பிற தேசத்தவருக்கு அதில் இடமில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. அந்தக் கட்டுப்பாடு 1833 வரை நீங்கவில்லை. ஆகவே வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கியது மத்திய பாடசாலையாகவே தொடங்கி, பின்னர் செமினரி என்று அறியப்பட்டது. பட்டம் வழங்கும் உரிமை அதற்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆயினும் யாரைச் சேர்ப்பது, என்ன தெரிந்தவரைச் சேர்ப்பது என்பதைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் அதற்கு இருந்தது. பின்வந்த ஈழத்துக் கல்லூரிகளில் மிகச் சிலவற்றுக்கே அந்தச் சுதந்திரம் கிட்டியது.

செமினரிக்கு வந்தவர்கள் விடுதிப் பள்ளிகளிலிருந்து பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள். ஊர்த் தமிழ்ப் பள்ளியில் எழுத வாசிக்கப் பழகி, அங்கே கெட்டிக்காரர் என்று கண்டவர் நிலையத்து விடுதிப் பள்ளிக்குப் போனார்; அங்கே ஆங்கிலத்தின் அடிப்படையும் கணக்கும் கற்றுத் தேறியவர் வட்டுக்கோட்டைக்கு வந்தார். தெல்லிப்பழையில் 1825இல் ஆயத்தப் பள்ளி ஒன்றும் தனியே அமைந்தது. பின்னாளில் ஊர்களிலேயே ஆங்கிலப் பகற்பள்ளிகள் பெருகியபோது அவற்றிலிருந்தும் மாணவர் வந்தனர். ஒருநாள் பரீட்சையில் முடிகிற காரியமாக அது இருக்கவில்லை. பல ஆண்டுகள் ஆசிரியரின் கண்முன்னே வளர்ந்த பிள்ளையைப் பற்றி ஆசிரியர் கொண்ட மதிப்பே அனுமதிச்சீட்டு. அதில் பாரபட்சத்துக்கு இடமுண்டு. ஆனால் பிள்ளையை நேரில் அறிந்தவர்களே அவனுக்குத் தகுதி வகுத்தார்கள் என்ற நன்மையும் அதில் இருந்தது.

அந்தத் தகுதியின் முதற்படி தமிழ். தமிழில் வாசிக்கவும் எழுதவும் தெரியாத ஒருவர் ஆங்கிலப் படிக்கே போக முடியாது. செமினரிக்குள் வந்த பின்னும் தமிழ் ஒதுங்கிவிடவில்லை. நன்னூலும் குறளும் கற்பிக்கப்பட்டன. யூக்ளிட்டின் கேத்திரகணிதம், அட்சரகணிதம், வானியல் ஆகியவற்றோடு நம்மவரின் சோதிட கணித முறைகளும் ஒப்பிட்டு ஆராயப்பட்டன. 1836 முதல் அதிபராக இருந்த ஹென்றி ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். மதம் மாற்ற வந்தவர்கள் நடத்திய கல்லூரிதான் அது. ஆனால் மாற்ற வேண்டியவரின் மொழியையும் அறிவையும் கற்காமல் அது முடியாது என்பதை அவர்கள் விளங்கியிருந்தார்கள். தமிழும் ஆங்கிலமும் ஒரே மாணவரிடம் எதிர்பார்க்கப்பட்ட இந்த ஒழுங்குதான் ஈழத்துத் தமிழ் உரைநடைக்கும் அகராதிக்கும் பதிப்புக்கும் ஆட்களைத் தந்தது. 1841இல் தொடங்கிய உதயதாரகையின் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் இக்கல்லூரியின் மாணவர்கள்.

பணமும் சமயமும் வேறொரு வகையில் வாசலில் நின்றன. தொடக்கத்தில் கல்வி, உணவு, உடை எல்லாம் இலவசம். ஒவ்வொரு பிள்ளையின் செலவையும் அமெரிக்காவில் யாரோ ஒருவர் ஏற்றிருந்தார். ஏற்றவர் சொன்ன பெயர் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. கறோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்களின் முன்பாதி வந்த வழி இது. ஞானஸ்நானம் பெற்றால்தான் சேரலாம் என்ற நிபந்தனை இருக்கவில்லை. ஆனால் வேதபாடமும் ஜெபமும் எல்லோருக்கும் கட்டாயம். சைவக் குடும்பங்கள் நெடுநாள் தயங்கின. கிறிஸ்தவர் வளவில் உண்பது சாதியாசாரத்துக்குப் பங்கம் என்ற அச்சம் அத்தயக்கத்தில் பெரும்பங்கு. காலப்போக்கில் ஆங்கிலம் படித்தவருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருப்பது தெரிந்ததும் தயக்கம் குறைந்தது. இடம் தேடி வருவோர் தொகை கூடியது. 1840களில் செலவில் ஒரு பகுதியைப் பெற்றோர் ஏற்க வேண்டியதாயிற்று. அதோடு ஏழைப் பிள்ளைக்கென்று திறந்த வாசல் சற்று ஒடுங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

கல்வியின் தரம் பற்றி ஐயம் இருந்ததில்லை. குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், இலங்கையில் கிறிஸ்தவம் பற்றி 1850இல் வெளியிட்ட நூலில், வட்டுக்கோட்டைச் செமினரியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு நிகராக வைத்துப் பேசினார்.

அந்தக் கல்லூரி 1855இல் மூடப்பட்டது. அமெரிக்க மிஷன் சபையின் செயலாளர் றூஃபஸ் அண்டர்சன் கீழைநாட்டு மிஷன்களைப் பார்வையிட வந்தபோது, படித்து வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார். பெரும்பாலோர் கச்சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் வணிக நிலையங்களிலும் இருந்தனர். ஊர்ச் சபைகளில் போதிக்கப் போனவர்கள் சிலரே. ஆங்கிலக் கல்வி பிள்ளைகளைத் தம் மக்களிடமிருந்து பிரித்துவிடுகிறது, மிஷனின் பணம் தாய்மொழியில் போதிப்போரை உருவாக்கவே செலவாக வேண்டும் என்பது அவர் முடிவு. 1859இல் அதே வளவில் ஆசிரியரையும் போதகரையும் பயிற்றும் நிலையம் ஒன்று தமிழில் தொடங்கியது. அண்டர்சனின் கேள்வி நேர்மையானது. அவர் எடுத்த முடிவோ பெரும் இழப்பில் போய் முடிந்தது. தமிழை வைத்துக்கொண்டு கல்லூரியை அவர் கைவிட்டார். சார்ள்ஸ் வூட்டின் கல்விச் சுற்றறிக்கை இந்தியாவுக்குப் பல்கலைக்கழகங்களை வாக்களித்தது 1854இல். அதற்கு அடுத்த ஆண்டிலேயே, பல்கலைக்கழகத் தரத்தை எட்டியிருந்த தமிழ்க் கல்லூரி ஒன்று இல்லாமற் போனது.

எட்டியிருந்தது என்பதற்குச் சான்று சென்னையில் கிடைத்தது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர்: கறோல் விசுவநாதபிள்ளை, சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டை மாணவர்கள். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பில் தினவர்த்தமானி இதழுக்காகச் சென்னை சென்றிருந்த தாமோதரம்பிள்ளை, பின்னர் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த வரலாறு எல்லோரும் அறிந்தது. தமிழ் கற்றே கல்லூரி புகுந்தவர் என்ற பின்னணியை விட்டுவிட்டு அந்தப் பதிப்புப் பணியை விளங்கிக்கொள்ள முடியாது.

இனிக் கொழும்பு. வட்டுக்கோட்டை எழுந்த காலத்தில் தலைநகரின் சுற்றுவட்டத்தில் இருந்த உயர்கல்வி முயற்சி, திருச்சபை மிஷன் சங்கம் 1827இல் கோட்டேயில் அமைத்த கிறிஸ்தவ நிலையம். அதன் மாணவர் பெரும்பாலும் சங்கத்தின் நிலையங்களிலிருந்தே அனுப்பப்பட்டனர். 1835இல் ஜோசப் மார்ஷ் பாதிரியார் வுல்ஃபெண்டால் கோவிலுக்கு அண்மையில், மலைத்தெருவில், ஒரு பள்ளியைத் தொடங்கினார். கொட்டாஞ்சேனையின் எல்லையில் பிறந்த அந்தப் பள்ளியை அடுத்த ஆண்டே அரசாங்கம் ஏற்றுக் கொழும்பு அக்கடமி ஆக்கியது. இன்றைய றோயல் கல்லூரி அதுவே. கோல்புறூக் ஆணைக்குழுவின் 1832 அறிக்கைக்குப் பின் ஆங்கிலமே அரசாங்கக் கல்வியின் மொழியாகி வந்தது. அக்கடமியில் சேர்ந்த பிள்ளையிடம் தமிழ் தெரியுமா, சிங்களம் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை.

கொழும்பின் முதல் அங்கிலிக்கன் ஆயர் ஜேம்ஸ் சப்மன், ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். 1845இல் வந்த அவர் 1851 பெப்ரவரி 3ஆம் திகதி முகத்துவாரத்தில் புனித தோமையார் கல்லூரியைத் திறந்தார். குருத்துவத்துக்குப் பயில்வோர், பொதுக்கல்வி பெறுவோர் என இரு பிரிவினரையும் ஒரே வளவில், ஒரே ஆலயத்தைச் சூழ வைத்து வளர்ப்பது அவர் கண்ட மாதிரி. பறங்கியர், சிங்களவர், தமிழர் எல்லோருக்கும் இடமிருந்தது. சமயம் தடையாக வைக்கப்படவில்லை. ஆனால் கட்டணம் இருந்தது. அதனினும் பெரிய தடையாக, பாடம் தொடங்குமுன்பே ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஊர்ப்பள்ளியிலிருந்து படிப்படியாக ஏறி வர வட்டுக்கோட்டையில் இருந்த ஏணி இங்கே இல்லை. ஆங்கிலம் புழங்கும் வீட்டிலோ, ஆங்கிலப் பள்ளிக்குக் கட்டணம் செலுத்த வல்ல வீட்டிலோ பிறந்தவருக்கே முகத்துவாரம் எட்டியது.

1850களின் முடிவில் இன்னொரு மாற்றம் தொடங்கியது. அக்கடமியோடு தொடர்புடைய குயின்ஸ் கல்லூரி 1859இலும், அதன்பின் புனித தோமையார் கல்லூரியும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தன. அந்த நாள் முதல் ஒருவர் பட்டப்படிப்புக்குத் தகுந்தவரா என்பதைக் கல்லூரி தீர்மானிக்கவில்லை, கல்கத்தா தீர்மானித்தது. அதன் பிரவேசப் பரீட்சைக்கு அமர்வோர் பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும், நன்னடத்தைச் சான்று காட்ட வேண்டும். ஆங்கிலம், இன்னொரு மொழி, வரலாறும் புவியியலும், கணிதம் என்பன பாடங்கள். அதில் தேறினால் இரண்டாண்டு படித்து எஃப்.ஏ., மேலும் இரண்டாண்டில் பி.ஏ. தேறாதவர் கல்லூரியில் எவ்வளவு மதிக்கப்பட்டவராயினும் பட்டப்படிப்பு வகுப்புக்குப் போக முடியாது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்த பிள்ளை, வங்காளத்தில் அமர்ந்திருந்த பரீட்சகர் குழு வகுத்த பாடத்திட்டத்தைப் படித்து, அவர்களுடைய வினாக்களுக்கு விடை எழுதி, அவர்களுடைய தீர்ப்புக்குக் காத்திருந்தது.

கல்கத்தாவோடு இன்னொரு வெளிப் பரீட்சையும் வந்து சேர்ந்தது. பொதுப்போதனாப் பணிப்பாளராக இருந்த சார்ள்ஸ் புறூஸின் காலத்தில், 1880இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. கனிட்டம், சிரேட்டம் என இரு படிகள். வினாத்தாள்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. டிசம்பரில் எழுதிய விடைத்தாள்கள் கப்பலில் திரும்பிப் போயின. பெறுபேறு வரப் பல மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் ஒரு பிள்ளை மேல்வகுப்பில் தொடர்வதா, எழுதுவினைஞர் வேலைக்கு மனுப் போடுவதா என்று வீடே தத்தளித்தது. சிரேட்டப் பரீட்சையில் தேறிய சான்றிதழ் உத்தியோகத்துக்கும் மேற்படிப்புக்கும் பொதுத் திறவுகோலானது. 1865இல் கொட்டாஞ்சேனையில் தொடங்கிய புனித பெனடிக்ற் கல்லூரி, 1874இல் புறக்கோட்டையில் எழுந்த வெஸ்லி கல்லூரி, 1896இல் மருதானையில் திறந்த புனித சூசையப்பர் கல்லூரி என்று கத்தோலிக்க, மெதடிஸ்ட் கல்லூரிகள் வளர்ந்த காலம் இது. புனித லூசியாள் பேராலயத்தைச் சூழ வாழ்ந்த கொட்டாஞ்சேனைத் தமிழ்க் கத்தோலிக்கருக்கும் கொழும்புச் செட்டிகளுக்கும் கல்லூரி நடைதூரத்துக்கு வந்தது. பெறுபேற்றுப் பட்டியல் மட்டும் கடல் கடந்தே வந்தது.

யாழ்ப்பாணத்தில் இதற்கிடையில் கல்லூரி மீண்டும் பிறந்திருந்தது. செமினரியின் பழைய மாணவரும் உள்ளூர்க் கிறிஸ்தவரும் விடாமல் கேட்டதன் பயனாக, 1872 ஜூலை 3ஆம் திகதி வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. முதல் அதிபர் யூரோட்டாஸ் ஹேஸ்டிங்ஸ். பழைய செமினரியின் ஒட்லி மண்டபமும் நிலமும் மீண்டும் கல்லூரிக்குப் பயன்பட்டன. பழைய அனுமதி முறை மட்டும் திரும்பவில்லை. மிஷன் பணத்தில் ஏழைப் பிள்ளையைப் பொறுக்கியெடுத்து வளர்க்கும் நிலையம் அல்ல இது. கட்டணம் செலுத்துவோர் வந்து சேரும் ஆங்கிலக் கல்லூரி. 1891இல் இதுவும் கல்கத்தாவுடன் இணைந்தது. சைவப் பிள்ளைகள் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தே ஆங்கிலம் படிக்க வேண்டியிருந்த நிலைக்கு மாற்றாக ஆறுமுக நாவலர் 1872இலேயே வண்ணார்பண்ணையில் சைவ ஆங்கிலப் பாடசாலையை நிறுவினார். பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. சமயத்துறையில் அது பெரிய மாற்றம். ஆனால் அங்கும் மேல்வகுப்புக்குப் போகும் தகுதியை வெளிப் பரீட்சையே வரையறுத்தது. சிலுவையும் திருநீறும் வேறுபட்டன. வினாத்தாள் ஒன்றாகவே இருந்தது.

1904இன் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் எல்லை வகுத்தது. இலங்கைக் கல்லூரிகளின் கல்கத்தா இணைப்பு அதன்பின் நீடிக்கவில்லை. எஞ்சியது லண்டன். 1858 முதல் எங்கு படித்தவரும் தன் பரீட்சைக்கு அமரலாம் என்று அனுமதித்திருந்த லண்டன் பல்கலைக்கழகம், 1880களிலிருந்து இலங்கையிலும் பரீட்சை நடத்தியது. மெற்றிக்குலேசன், இன்டர்மீடியற், பட்டம் என்று மூன்று படிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெற்றிக்குலேசனுக்கு லத்தீன் கட்டாயம். குறளையும் நன்னூலையும் மனனம் செய்த பேரனாரின் வீட்டில், வேற்றுமை உருபுகளை லத்தீனில் ஒப்பிக்கும் தலைமுறை வளர்ந்தது. லத்தீன் தெரிந்ததில் இழுக்கு ஏதும் இல்லை. அதற்கு இடம்விட்டுத் தமிழ் வாசலிலிருந்தே விலகிப்போனதுதான் இழப்பு. கல்லூரி விரும்பியவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் சேர்வதற்கு அது தேவையில்லை என்றானபின், கெட்டிக்காரப் பிள்ளை அதில் நேரம் செலவிடக் காரணம் இல்லை. அண்டர்சன் கல்லூரியை விட்டுத் தமிழை வைத்தார்; கொழும்புக் கல்லூரிகள் கல்லூரியை வைத்துத் தமிழை விட்டன. 1823இன் திட்டம் இணைத்து வைத்திருந்த இரண்டும் இப்படிப் பிரிந்தன.

இந்த ஏற்பாட்டின் முழுப் பாதையையும் ஒருவருடைய கல்வியில் காணலாம். 1898இல் ஈப்போவில் பிறந்த சா. ஜே. வே. செல்வநாயகம், தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித யோவான் கல்லூரியிலும் படித்து, முகத்துவாரத்துப் புனித தோமையார் கல்லூரிக்கு வந்தார். லண்டனில் கால் வைக்காமலே 1918இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். பின் வெஸ்லி கல்லூரியில் கற்பித்துக்கொண்டே சட்டம் படித்தார். 1957இல் அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்ட எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் முகத்துவாரத்து மாணவரே. துறைமுகத்து நிலக்கரித் தூசியிலிருந்து விலகி அந்தக் கல்லூரி 1918இல் கல்கிசைக்கு இடம்பெயர்ந்தது. வெள்ளவத்தையில் குடியேறி வந்த தமிழ் உத்தியோகத்தர் குடும்பங்களுக்கு அது ரயிலில் சிறிது தூரம். வடகொழும்புப் பிள்ளைகளுக்கோ கைக்கெட்டியது தூரப் போனது.

கல்லூரிகளிலேயே பட்டப்படிப்பு நடந்த காலம் 1921இல் பெரும்பாலும் முடிந்தது. பொன்னம்பலம் அருணாசலம் தலைமையில் 1906இல் தொடங்கிய பல்கலைக்கழக இயக்கத்தின் பயனாக, தேர்ஸ்டன் வீதியில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தது. றொபர்ட் மார்ஸ் அதன் அதிபர். தாய்மொழிகளுக்கும் நாட்டின் பண்பாட்டுக்கும் உயர்கல்வியில் இடம் வேண்டும் என்று அருணாசலம் வற்புறுத்தியிருந்தார். ஆயினும் புதிய கல்லூரியும் லண்டன் பட்டத்துக்கே ஆயத்தம் செய்தது. சேர்வதற்கும் லண்டன் மெற்றிக்குலேசனோ அதற்கு ஈடான கேம்பிரிட்ஜ் சிரேட்டத் தேர்ச்சியோ வேண்டும். 1942இல் ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராக இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரே பிரவேசப் பரீட்சை நாட்டுக்குள் வந்தது. அப்போதும் அதன் மொழி ஆங்கிலம். புனித தோமையார், புனித சூசையப்பர், வெஸ்லி, யாழ்ப்பாணத்துப் புனித யோவான், புனித பத்திரிசியார் ஆகியவை பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யும் பாடசாலைகளாயின. அனுமதிக்கும் இடத்திலிருந்து அனுப்பி வைக்கும் இடத்துக்கு அவை மாறின.

இந்த ஓட்டத்துக்கு எதிராக இரண்டு கிறிஸ்தவ முயற்சிகள் எழுந்தன. யாழ்ப்பாணக் கல்லூரி 1940களின் பிற்பகுதியில் லண்டன் வெளிவாரிப் பட்டங்களுக்கான பிரிவை வட்டுக்கோட்டையில் அமைத்தது. கொழும்பில், புனித சூசையப்பர் கல்லூரி அதிபராக இருந்த பீற்றர் பிள்ளை அடிகளார் 1954இல் பொரளையில் அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியைத் தொடங்கினார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தமிழ்க் குருவான அவர், திருச்சபையின் சமூகப் போதனையை முன்வைத்து ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தவர். நாட்டில் ஒரே பல்கலைக்கழகம், இடங்கள் குறைவு, பரீட்சையில் தேறியும் வெளியே நின்றவர் தொகை ஆண்டுதோறும் கூடியது. அவர்களுக்கு இடம் தருவதே நோக்கம். மதம், இனம் பாராமல் கதவு திறந்திருந்தது. லண்டன் பல்கலைக்கழகம் கேட்ட பொதுத் தராதரப் பத்திரத் தேர்ச்சிகள் இருந்தால் போதும். போட்டியில் பிந்தியவர் தகுதியற்றவர் அல்லர் என்ற கொள்கை அதன் அடியில் இருந்தது. இலங்கையின் அனுமதி விவாதங்களில் இன்றும் போதிய கவனம் பெறாத கொள்கை இது: குறைந்தபட்சத் தகுதி என்பது ஒன்று, இடப்பற்றாக்குறை உண்டாக்கும் வெட்டுப்புள்ளி என்பது வேறொன்று. வட்டுக்கோட்டைக்குப் பின் இதை நிறுவன அளவில் செயற்படுத்திக் காட்டியவர்களுள் பீற்றர் பிள்ளை அடிகளார் முன்னிற்பவர்.

அவர் 1964இல் காலமானார். அதற்குள் சூழல் மாறிவிட்டிருந்தது. 1960, 1961 சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசுடைமையாயின. பெரிய கல்லூரிகள் சில தனியாராக நின்று நிதி நெருக்கடியில் உழன்றன. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு லண்டன் பரீட்சையின் வழியை அடைத்தது. 1972இல் பல்கலைக்கழகங்கள் யாவும் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகமாக இணைக்கப்பட்டன. அக்குவைனாஸ் பின்னாளில் உயர்கல்விக்கான கல்லூரி என்ற பெயரில் சான்றிதழ், டிப்ளோமாப் படிப்புகளோடு தொடர்ந்தது. யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த இடத்தில், 1974 ஒக்டோபரில் திறக்கப்பட்ட யாழ்ப்பாண வளாகத்தின் விஞ்ஞான பீடம் அமைந்தது.

தமிழ் இதற்கிடையில் வேறு வழியாக வாசலுக்குத் திரும்பியிருந்தது. 1960இல் கலைப்பிரிவிலும், அத்தசாப்தத்தின் முடிவில் விஞ்ஞானத்திலும், பிரவேசப் பரீட்சையைத் தாய்மொழியில் எழுதலாம் என்றாயிற்று. ஊர்ப்பள்ளியில் தமிழிலேயே படித்த பிள்ளை பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்பது ஒரு நூற்றாண்டின் பின் கிடைத்த நீதி. அது நிலைக்கவில்லை. 1971 அனுமதியில் மருத்துவத்துக்கு 400 புள்ளிகளில் தமிழ்மொழி மூலம் எழுதியவர் 250 பெற வேண்டும், சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229 போதும். பொறியியலுக்கு 250, 227. அடுத்து மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு. விடைத்தாளின் மொழியே பாரமாகிய அந்த ஆண்டுகளில், பொரளையிலோ வட்டுக்கோட்டையிலோ தனிப் பட்டக்கல்லூரி ஒன்று திறந்தவண்ணம் இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு அது மாற்றுவழியாயிருக்கும் என்பதை அக்காலத்துப் பெற்றோர் நன்கு அறிவர். பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. வன்னியும் மட்டக்களப்பும் மலையகமும் அதனால் ஓரளவு பயனடைந்தன. மொழியை அளவுகோலாக்கியதற்கு அந்த நியாயம் பொருந்தாது.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பின் அரச பல்கலைக்கழகங்களின் இளநிலைப் பட்ட அனுமதி பெரும்பாலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையில் இருக்கிறது. 2001 முதல் இசட் புள்ளி அடிப்படை. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக இடம். கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கு இதில் பங்கில்லை.

தம் மாணவரைத் தாமே தெரிந்தெடுக்கும் உரிமை இறையியல் கல்லூரிகளிடம் எஞ்சியிருக்கிறது. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரின் ஏற்பாட்டில் 1893இல் கண்டிக்கருகே அம்பிட்டியவில் தொடங்கிய குருமடம் பின்னர் இந்தியாவுக்கு இடம்பெயர்ந்தது; அந்த இடத்தில் இன்றுள்ள தேசிய குருமடத்துக்கு ஆயர்கள் தத்தம் மறைமாவட்டங்களிலிருந்து பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பப்ரிஸ்ட், பிரஸ்பிற்றேரியன் சபைகள் கூடி 1963இல் பிலிமத்தலாவையில் அமைத்த இலங்கை இறையியல் கல்லூரியில், சபை தெரிந்து அனுப்புவோர் சிங்களத்திலும் தமிழிலும் படிக்கிறார்கள். அங்கே இறையியல் இளமாணிப் படிப்புக்கு வேண்டிய கல்வித் தகைமையையும் பாடத்திட்டத்தையும் வங்காளத்துச் செராம்பூரின் பேரவை வகுக்கிறது. இன்னார் பொருத்தமானவர் என்ற தீர்ப்பைப் பிள்ளையை அறிந்த சபையும் கல்லூரியும் சொல்கின்றன.